மதினிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது

மே 1, வியாழன்

வந்து சேர்ந்தாயிற்று. நாலு பேரும் ஒரே காரில், முழுசாக, சண்டை சச்சரவு இல்லாமல். சண்டை போட வேண்டுமென்றால் முதலில் பேச வேண்டுமே!

கொடைக்கானலுக்கும் மேலே, பூம்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது இந்தக் கேம்ப். குடும்பமாக வருகிறவர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். சரிவில் வரிசையாகக் கூடாரங்கள், பொதுவாக ஒரு சமையல் கொட்டகை, வெந்நீருக்கு விறகடுப்பு. எங்களுக்கு இரண்டு கூடாரம். ஒன்றில் நானும் இவரும். பக்கத்தில் என் நாத்தனார் பவளமும் அவள் மகள் சிந்துஜாவும். கேம்பைப் பார்த்துக்கொள்கிற டேவிட் தம்பி ஆளுக்கு இரண்டு கம்பளி கொடுத்தார். கேட்காமலே மூன்றாவதாக ஒன்று எனக்குக் கொடுத்தார். நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

இவரும் பவளமும் கூடப்பிறந்தவர்கள். ஒரே அண்ணன், ஒரே தங்கை. இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அடுத்த மாதம் எட்டாம் தேதி சிந்துவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நிற்க வேண்டும். தங்கை வாயைத் திறந்து கூப்பிடாமல் இவர் போகமாட்டார். அண்ணன் முகம் கொடுத்துப் பேசாமல் அவள் கூப்பிடமாட்டாள். "பேசாத மனுசனை எந்த வாயால கூப்பிடுறது மதினி?" என்கிறாள். பவளத்தின் வீட்டுக்காரர் தவறி நாலு வருஷமாகிறது. அப்பாவும் இல்லாமல், மாமனும் வராமல் அந்தப் பெண் மணையில் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும்? எங்களுக்கும் பிள்ளை கிடையாது. சிந்துதான் பிள்ளை.

இந்தப் பயணமே அவள் ஏற்பாடுதான். "மாமா, கார் நீங்கதான் ஓட்டணும்" என்று இவரிடம் சொன்னாள். அவள் கேட்டு இவர் எதையும் இல்லையென்றதில்லை. "அம்மா, அத்தை உன்னைக் கட்டாயம் வரச் சொன்னாங்க" என்று அங்கே சொன்னாள். மற்றவர் வருவது இரண்டு பேருக்கும் தெரியும். 'நான் பாட்டுக்கு வர்றேன், பேசு கீசுன்னு நச்சரிக்கக் கூடாது' என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். ஒரே வார்த்தை! ஒரே வயிற்றில் பிறந்ததுகள் இல்லையா.

மலை ஏறும்போது நடந்த கூத்தை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"அவுககிட்டச் சொல்லுங்க மதினி, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லி. வயித்தைப் பிரட்டுது."

"மெதுவாப் போகணுமாம்" என்றேன்.

"முன்னாடி எலுமிச்சம்பழம் இருக்கு. எடுத்து மோந்து பாக்கச் சொல்லு" என்றார் இவர்.

"பவளம், எலுமிச்சம்பழம்..."

"கேட்டுச்சு மதினி."

கேட்கிறது என்றால் நடுவில் நான் எதற்கு? வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது யாரும் சொல்லாமல் இவராகவே கடை தேடிப் போய் வாங்கி வந்த பழம் அது. தங்கைக்கு வளைவில் வாந்தி வரும் என்று ஞாபகம் இருக்கிறது, பேச மட்டும் வராது.

தினமும் காரில் எங்கே போய் எதைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்புவதற்குள் இந்த இரண்டு வாயையும் திறந்து காட்டாவிட்டால் என் பெயர் தமயந்தி இல்லை.

மே 2, வெள்ளி

திட்டம்: பூம்பாறை. பக்கத்திலேயே இருக்கிறது, வளைவு குறைவு, பவளத்தின் வயிறு தாங்கும். குழந்தை வேலப்பர் கோயில். சாமி முன்னால் நிறுத்தினால் மனசு இளகும் என்று கணக்குப் போட்டேன். பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று ஒன்பது மணிக்கே கிளப்பினேன்.

டேவிட் தம்பி வழி சொல்ல வந்தார். "தெரியும் தம்பி, தெரியும்" என்று இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். இதற்கு முன் இந்தப் பக்கம் வந்ததே கிடையாது, என்னத்தைத் தெரியும்? கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இந்த மனுஷர் யாரிடமும் வழி கேட்க மாட்டார். கேட்டால் மீசை உதிர்ந்துவிடும். ஒரே ஒரு ரோடு, அதிலும் தவறான பக்கம் திரும்பி ஒரு கேரட் தோட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். "காட்சி நல்லா இருக்குல்ல, பாக்கட்டும்னுதான் வந்தேன்" என்றார். சிந்து சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். காட்சி நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எதிர் மலை முழுக்கப் படிப்படியாகப் பூண்டு வயல்கள், நடுவே சின்னச் சின்ன வீடுகள், அதன்மேல் வெயில். நாங்கள் நாலு பேரும் வாயடைத்து நின்றோம். அதில் இரண்டு பேருக்கு அது வழக்கம்தான்.

கோயிலில் அர்ச்சனைச் சீட்டை ஐயரிடம் கொடுத்துவிட்டு நான் பெயர் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பவளம் முந்திக்கொண்டாள். "சௌந்திரபாண்டி, அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி." சொந்த மகளுக்குக் கல்யாணம், இவள் அண்ணன் பெயருக்கு அர்ச்சனை! இவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "நீங்க போய்க் கார்ல உக்காருங்க" என்று எங்களை அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே போனார். நான் விடுவேனா, பின்னாலேயே போனேன். இன்னொரு சீட்டு வாங்கி நீட்டிக்கொண்டிருந்தார். "பவளக்கொடி, ரேவதி, மீன ராசி."

சாமியிடம் இத்தனை பேசுகிறார்கள், பத்தடி தள்ளி நிற்கிற ஆளிடம் பேசினால் என்ன குறைந்துவிடும்? வந்த கோபத்தில் அங்கேயே இரண்டு பேரையும் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ஆனால் முருகா, ஒருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று மற்றவர் வேண்டிக்கொள்கிற வீட்டில் என்னை வாழ வைத்திருக்கிறாய். அதற்கு நன்றி.

எதனால் வந்தது இது? சிந்து பெரியவளானபோது சடங்கு வைத்தார்கள், கமுதிப் பக்கம் உள்ளே தள்ளி, பவளத்தின் மாமனார் ஊரில். நான் சீர்த் தட்டுகளோடு முந்தின நாளே போய்விட்டேன். தாய்மாமன் சேலையும் மாலையும் இவர் காலையில் கொண்டுவருவதாக ஏற்பாடு. மதுரையில் விடியற்காலையில் கட்டி வாங்கிய மாலை என்றால்தான் வாடாதாம். அப்போதுதான் கார் வாங்கியிருந்தார், சொந்தக் காரில் சீர் கொண்டுவந்து இறங்க வேண்டும் என்று ஆசை. முகூர்த்தம் முடியப்போகிறது, ஆளைக் காணோம். பவளத்தின் நாத்தனார் தான் எடுத்த சேலையைக் கட்டி, பிள்ளையை மணையில் உட்கார வைத்துவிட்டாள். அப்புறம் இவர் வந்தார். பார்த்தார். "கார் பஞ்சர்" என்று ஒரு வார்த்தை சொன்னார். தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "ஒரு நாழி எனக்காகப் பொறுக்க முடியலையா?" என்பது இவர் மனக்குறை. "என் பிள்ளைக்குன்னு ஒரு நாள், அன்னிக்காவது நேரத்துக்கு வரமுடியலையா?" என்பது அவள் மனக்குறை. இரண்டும் நியாயம்தான். அதனால்தான் தீரவில்லை.

அவள் வீட்டுக்காரர் செத்தபோது இவர்தான் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுபோனார், மூன்று நாளும் அங்கேயே நின்று எல்லாம் செய்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம்

இங்கே கொசு இல்லை. அதற்கும் நன்றி.

மே 3, சனி

திட்டம்: மன்னவனூர் ஏரி. சிந்து கொடுத்த யோசனை இது. அங்கே பரிசல் விடுகிறார்கள். ஒரு பரிசலில் நானும் சிந்துவும் ஏறிக்கொண்டால் அண்ணனும் தங்கையும் இன்னொன்றில் ஏறித்தானே ஆகவேண்டும்? நடுத்தண்ணீரில் எங்கே போவார்கள்? நல்ல திட்டம் என்று முந்தின நாளே என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போகும் வழி முழுக்கப் பச்சை. புல்மேடு மேல் புல்மேடாக, ஒன்று முடிந்தால் அடுத்தது. சிந்து ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, "கல்யாணம் முடிஞ்சா இப்படி எல்லாம் உங்களோட வர முடியுமா அத்தை?" என்றாள். "ஏன், அந்தப் பையன் உன்னைக் கட்டிப் போட்டுருவானா? அவனையும் இழுத்துட்டு வா" என்றேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் காதோரம் வந்து சொன்னாள்: "மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன். அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

பரிசலில் ஏறினார்கள். எப்படி? முதுகோடு முதுகு! இவர் கரையைப் பார்க்க, அவள் மலையைப் பார்க்க, நடுவில் துடுப்புப் போடுகிற ஆள் திருதிருவென்று முழிக்க. நாங்கள் பின்னால் இன்னொரு பரிசலில்.

"மதினி! அவுகளை இந்தப் பக்கம் தள்ளி உக்காரச் சொல்லுங்க, சாயுது!" என்று அங்கிருந்து கத்தினாள் பவளம். தண்ணீரைத் தாண்டி நான் கத்தினேன்: "ஏங்க! இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க!" உடனே இவர்: "பிடிச்சிக்கிட்டு உக்காரச் சொல்லு! துள்ளாம இருந்தா ஏன் சாயுது?" நான்: "பவளம்! துள்ளாதே!" முதுகு இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, செய்தி மட்டும் ஏரியில் முக்கால்வாசி தூரம் சுற்றி வருகிறது. கரையில் நின்ற குடும்பங்கள் எல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தன. காற்றோ ஊசி குத்துகிறது. கத்திக் கத்தி, கரை சேர்ந்தபோது எனக்குப் பாதிக் குரல்தான் மிச்சம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்த மனுஷி காசே வேண்டாம் என்றாள். "உங்க சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சுக்கா, பாவம்" என்றாள்.

மே 4, ஞாயிறு

காலையில் எழுந்து "டீ" என்றேன். காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கு எங்கேயும் போகவில்லை.

மிளகும் பனங்கற்கண்டும் போட்டு இவர் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். அரைமணி கழித்துப் பவளம் துளசியும் தேனும் கொண்டுவந்தாள். இரண்டையும் குடித்தேன். ராணி மாதிரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் இப்படிப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் கிடைத்தால் வாரம் ஒருமுறை தொண்டை கட்டலாம்.

ஆனால் தபால் நின்றுபோனதில் ஊரே ஸ்தம்பித்துவிட்டது. இவர் என்னிடம் வந்து, "வெந்நீர் காஞ்சிருச்சு, குளிக்கணும்னா இப்பவே குளிக்கச் சொல்லு" என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். சிந்துவிடம் போனார். "மாமா, நான் போஸ்ட்மேன் இல்ல. எங்க அம்மா அதோ நிக்கிறாங்க" என்றாள். இவர் அடுப்படிக்குத் திரும்பிப் போனார். பிறகு அந்த வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பவளத்தின் கூடார வாசலில் 'ணங்' என்று வைத்துவிட்டு வந்தார். மதியம் அவள் ரசத்தை ஊற்றிக் கிண்ணத்தை இவர் முன்னால் 'ணங்' என்று வைத்தாள். பாத்திரங்கள் பேசிக்கொண்டன.

பவளம் ஒரு கைக்குட்டையை அடிக்கடி நனைத்துப் பிழிந்து பைக்குள் வைக்கிறாள். வாந்திக்காக இருக்கும். நான் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

சாயங்காலம் ஒரு குரங்கு வந்து வாழைப்பழச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. "ஏய் சனியனே, வைடா கீழே!" என்றேன். போட்டுவிட்டு ஓடியது. சமையல் கொட்டகையிலிருந்து டேவிட் தம்பி எட்டிப் பார்த்தார். அவரிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். நல்ல பிள்ளை, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தொண்டை இன்னும் சரியாகவில்லை.

மே 5, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

திட்டம்: கூக்கால் ஏரி. கையால் சாடை காட்டியே ஏற்பாடு செய்தேன். கிளம்பும் நேரத்தில் சிந்து, தான் வரவில்லை, ஆபீஸ் மீட்டிங் என்றாள். "லீவுல என்ன மீட்டிங்?" என்றார் இவர். அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். தூசி விழுந்திருக்கும்.

ஆக நாங்கள் மூன்று பேர். முன்னால் நான், பின்னால் பவளம். ஏரியைப் பார்த்தோம், தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம். ஒருத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரி அழகாக இருந்தது என்று எழுதலாம், எனக்குச் சரியாக ஞாபகமில்லை. இவர் தன் மாவடுவைப் பவளத்தின் இலை ஓரத்தில் வைத்தது ஞாபகமிருக்கிறது.

திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் காரின் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இவர் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டார், எனக்கே தெரிந்தது. விறகுச் சுமையோடு ஒரு அம்மா எதிரே வந்தாள். கேளுங்க, கேளுங்க என்று தொடையைத் தட்டினேன். "தெரியும், இருடி" என்று அவளைத் தாண்டி ஓட்டினார். தார் ரோடு முடிந்து மண்ணானது. மண் குறுகி, ஒரு பக்கம் வயல் வரப்பு, மறுபக்கம் சரிவு என்று ஆனது. கடைசியில் ஒரு கல்சுவர் எதிரே வந்து நின்றுவிட்டது. காரைத் திருப்ப இடமில்லை. வந்த வழியே பின்னாலேயே எடுக்க வேண்டும். பின்கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல் பனி.

"இறங்கிப் பின்னால நின்னு சொல்லு" என்றார் என்னிடம். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "கையையாவது..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். அந்தப் பனியில் கை எங்கே தெரியும்? சத்தம்தான் வேண்டும்.

பின்கதவு திறந்தது. பவளம் இறங்கிப் பின்னால் போனாள். நானும் இறங்கி வரப்போரம் ஒதுங்கினேன். அவள் வாய் திறக்கவில்லை. கண்டக்டர் மாதிரி வண்டியைத் தட்டினாள். 'டப் டப்' என்றால் வா, ஒரு 'டப்' என்றால் நில். அடி பாவி, அப்போதும் பேசாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள் பாருங்கள்! இவரும் அதைப் புரிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கொஞ்ச தூரம் சரியாகத்தான் வந்தது.

அப்புறம் சரிவுப் பக்கத்துப் பின்சக்கரத்தின் கீழே மண் பொதுக்கென்று உள்வாங்கியது. பவளம் ஒரு தடவை தட்டினாள். இஞ்சின் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை. வண்டி இன்னும் வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணே! நிறுத்துண்ணே! பள்ளம்! அய்யோ அண்ணே, நிறுத்து!"

வண்டி நின்றது. மலையே நின்றது போல இருந்தது எனக்கு.

இவர் குரல் உள்ளேயிருந்து வந்தது. மெதுவாக. "எந்தப் பக்கம் பவளம்?"

"வலது பக்கம் ஒடிண்ணே. இன்னும் ஒடி. போதும், போதும். இப்ப முன்னால எடு, மெதுவா. மெதுவாண்ணே... ஏறிருச்சு. இரு, இரு. ஸ்டேரிங்கை நேரா வை. இப்ப பின்னால வா. வா... வா... நான் இருக்கேன், வா..."

அவளை எனக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு கார் போனது. நான் என்ன செய்தேன்? இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பில் நின்றேன். முந்தானை முழுக்க நனைந்திருந்தது. பனியாக இருக்கும்.

அகலமான இடம் வந்ததும் இவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பவளம் ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். உடனே எழுந்துபோய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்கு நெற்றி பிடிப்பது இவர்தானாம், மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, கையில் பாட்டிலோடு அப்படியே நின்றுகொண்டு சொன்னார்.

"அன்னிக்கும் இப்படித்தான் பவளம்."

"என்னைக்கு?"

"சிந்து சடங்கன்னைக்கு. பஞ்சரும் இல்ல ஒண்ணும் இல்ல. குறுக்கு வழின்னு உள்ள விட்டேன். எங்கிட்டுப் பாத்தாலும் கருவேலங்காடு. நாலஞ்சு ஊரு தாண்டிப் போயிட்டேன். ஆடு மேய்க்கிறவன் நின்னான், டீக்கடை இருந்துச்சு. கேக்கல. தாய்மாமன் மாலையை மடியில வச்சுக்கிட்டு வழி தெரியாம நிக்கிறான்னு ஊரு சிரிக்குமேன்னு கேக்கல."

எனக்கே தெரியாது இது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினோரு வருஷமாகப் பஞ்சர் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பவளம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "நான் தெருமுனையிலேயே நின்னேன்ணே. வர்ற வண்டியை எல்லாம் பாத்துக்கிட்டு. அவுக அக்காதான் நேரம் போகுதுன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாக. ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் உன்னைக் கோவிச்சுக்குவேனா? வழி தப்பிட்டேன்னு சொல்றதுக்கு இத்தனை வருசமா?"

"தப்புத்தான் ஆத்தா."

அவ்வளவுதான் பேசினார்கள். அதற்குமேல் இரண்டு பேரும் அழுததால் பேச்சுக்கு இடமில்லை. அழுது முடித்துவிட்டு இவர் என் பக்கம் திரும்பினார். "ஆமா, பள்ளத்துல இறங்கினப்ப 'முருகா, நிறுத்துங்க'ன்னு இன்னொரு குரலும் பெருசாக் கேட்டுச்சே, அது யாரு?"

பவளம் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அதிர்ச்சியில் ஒரு நொடி திறந்து மூடியிருக்கலாம். அதெல்லாம் டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் அந்த விறகுச் சுமை அம்மா ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தாள். இவர் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "ஏம்மா, பூம்பாறை ரோட்டுக்கு எப்பிடிப் போகணும்?" என்றார். பின்சீட்டில் பவளம் விக்கி விக்கிச் சிரித்தாள். அந்த அம்மாவையும் சுமையோடு ஏற்றிக்கொண்டு அவள் ஊரில் இறக்கிவிட்டோம்.

மே 6, செவ்வாய்

குரல் வந்துவிட்டது. நன்றாகவே வந்துவிட்டது. கேம்ப் பாலில்தான் மருந்து இருக்கிறது போல.

காலையில் பவளம் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எங்கள் கூடார வாசலில் வந்து நின்றாள். பட்டுச்சேலை! கேம்புக்கு யாராவது பட்டுச்சேலை கொண்டுவருவார்களா? கையில் சமையல் கொட்டகையிலிருந்து இரவல் வாங்கிய எவர்சில்வர் தட்டு. அதில் மஞ்சள், குங்குமம், நாலு பிளம்ஸ் பழம், பாக்கு, வெற்றிலை. வெற்றிலை ஓரமெல்லாம் கருத்து, நடுவில் மட்டும் பச்சையாக இருந்தது.

"இந்த மலையில வெத்தலை எங்க கிடைச்சுச்சு பவளம்?"

"ஊர்லருந்தே கொண்டாந்தேன் மதினி. ஈரத் துணியில சுத்தி வச்சிருந்தேன். பேசினா கூப்பிடலாம்னு."

நான் அதைக் கைக்குட்டை என்றல்லவா நினைத்தேன்.

இவர் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பவளம் எங்கள் இரண்டு பேரையும் கிழக்குப் பார்த்து நிற்க வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். "அண்ணே, மதினி, நீங்க ரெண்டு பேரும் வந்து என் பிள்ளை கல்யாணத்தை முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்." குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். கெட்டிக்காரி. சிந்து கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஆறுலருந்து ஏழரைண்ணே."

"முந்தின நாளே வந்துருவேன்" என்றார்.

இறக்கம் முழுக்க அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டே வந்தார்கள். எந்தச் சமையல்காரர், எத்தனை இலை, மாலைக்கு எந்தக் கடை, அவர்கள் அப்பா வளர்த்த செவலை மாடு, யாரோ செத்துப்போன பெரியப்பா. நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்லப் போனால், "இரு தமயந்தி" என்கிறார். "இருங்க மதினி" என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபம் வருகிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டதற்கு முருகா, உனக்கு நன்றி. டேவிட் தம்பிக்கும், ஏரிக்கரை டீக்கடைக்காரிக்கும், விறகுச் சுமை அம்மாவுக்கும்.

ஜூன் 7, சனி

அருப்புக்கோட்டை. நாளைக் காலை முகூர்த்தம், இன்று ராத்திரி பெண் அழைப்பு.

விடிவதற்கு முன்பே இவர் என்னை எழுப்பிவிட்டார். மாலைக்கடையில் முதல் ஆளாக நின்று மாலையை வாங்கி, ஈரச் சாக்கில் வைத்துக் கிளம்பினோம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போகலாம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, "இது அருப்புக்கோட்டை ரோடுதானே?" என்று கேட்டார். மூன்றாவது ஆள், மேலே தொங்கிய பெயர்ப்பலகையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

மண்டபத்துக்குப் போனால் வாசலில் வாழைமரம், மேளம், கூட்டம். நம்முடையது இல்லை. யாரோ வீட்டுக் காதுகுத்து. மதியத்துக்கு மேல்தான் மண்டபம் நமக்காம்! வெளியே நிற்போம் என்று நான் சொல்வதற்குள், வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் இவர் கையிலிருந்த சேலைத் தட்டையும் மாலையையும் பார்த்துவிட்டார்.

"வாங்க வாங்க! தாய்மாமன் வீடா?"

"ஆமா" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பன்னீர் தெளித்தார்கள். கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்புறம் நிஜமான மாமன் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எனக்குப் பூமிக்குள் புகுந்துவிடலாம் போல ஆயிற்று. குழந்தையின் அப்பாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்கு விசேசத்துக்கு இன்னிக்கே வந்த மாமனை இப்பத்தான்யா பாக்குறேன். எழுந்திரிக்காதீங்க, சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்றார். பொங்கல், வடை, கேசரி எல்லாம் போட்டார்கள். முன்னே பின்னே தெரியாத ஜனங்கள், நல்லா இருக்கட்டும்.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார், தட்டு மடியில். மேடையில் அந்தக் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. பவளம். மேளச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, கிளம்பிட்டியா?"

"மண்டபத்துலதான் இருக்கேன்."

இவர் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தார்.

"இப்பவேவா? நாங்களே இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பலையேண்ணே!"

"தெரியும் ஆத்தா" என்றார் இவர். "நான் வந்துட்டேன்ல. நீ மெதுவா வா."